பத்து நிமிடத்தில் நிறுத்தலாமா?

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரானின் 'லெசோன் து தெனேப்ர' (இருளின் பாடங்கள்) ஒலிப்பதிவு கேட்டேன். ஒரே ஒரு குரல், ஓர் ஆர்கன், நடுநடுவே 'ஆலெஃப்', 'பெத்' என்று பொருளற்ற இழுவை. தேவாலய இசைக்குப் பெரிய பாடகர் குழு வேண்டாமா? பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். (வாசகர், திருச்சி)

பதில்: நிறுத்தியதுதான் தவறு. மூன்று பாடங்கள், அதாவது இசையோடு பாடும் மூன்று விவிலிய வாசகங்கள்; மொத்தமே சுமார் 40 நிமிடம். அதன் உச்சம் கடைசியில் வரும் மூன்றாம் பாடத்தில் இருக்கிறது. நீங்கள் அதன் பக்கமே போகவில்லை.

'ஆலெஃப்', 'பெத்' எபிரேய எழுத்துகள். இந்தப் பாடங்களின் வரிகள் விவிலியத்தின் புலம்பல் நூலிலிருந்து வந்தவை. அதன் முதல் அதிகாரத்துக்கு 22 வசனங்கள். 22 எழுத்துகளும் வரிசையாக அவற்றின் முதலெழுத்துகள். நம் ஆத்திசூடியின் கட்டுதான். லத்தீனுக்குப் போனபோது அந்த வரிசை தொலைந்தது; எழுத்தின் பெயரை மட்டும் வசனத்துக்கு முன் வைத்துப் பாடினார்கள். அங்கே சொல்லவேண்டிய சேதி எதுவும் இல்லை. அதனால் கூப்பரான் அதில் குரலை நீளமாக உலவவிட்டு, வசனம் வந்ததும் பேச்சுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார். எழுத்தைத் தாண்டிக் குதித்தால் பாதி இசை போயிற்று.

பாடகர் குழு இல்லாதது குறையல்ல. பாரிஸ் அருகே லோன்ஷாம் மடத்துக் கன்னியருக்காக எழுதியவர் அவர். இந்த மூன்று பாடங்களும் புனித வாரப் (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) புதன் மாலைக்கு உரியவை, 1710-களில் அச்சாயின. அந்த வழிபாட்டில் 15 மெழுகுவத்திகள். ஒவ்வொரு விவிலியத் திருப்பாடல் முடியும்போதும் ஒன்றை அணைப்பார்கள். முதல் இரண்டு பாடங்களுக்கு ஒரு குரல், மூன்றாவதற்கு இரண்டு என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். ஆர்கனோடு ஒரு பாஸ் வயல் (கீழ் ஸ்வரங்களுக்கான தந்தி வாத்தியம்) சேர்ந்தால் நல்லது என்பதும் அவர் சொன்னதே.

இந்தப் புலம்பலின் சோகம் எங்கே என்றால், மூன்றாம் பாடத்தின் தொடக்கத்தில் 'யோத்' என்ற எழுத்தைக் கேளுங்கள். ஒரு குரல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும். மற்றது அதற்கு அடுத்த ஸ்வரத்தில் வந்து உரசும். பிடித்து நின்றது தாங்காமல் ஒரு படி இறங்கும். அந்த உரசல்தான் அழுகை. பாடகிகள் குரலை அகலமாக நடுங்கவிட்டால் இரண்டு ஸ்வரங்களும் குழம்பி, உரசலே கேட்காது. எதிரொலி மிகுந்த கோயிலில் பதிந்தாலும் இதே கதி: இறங்கிய ஸ்வரத்தின் மேல் பழைய ஸ்வரம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

சுருதியையும் பாருங்கள். அன்றைய பிரெஞ்சு சுருதி (A என்ற ஸ்வரத்தின் அதிர்வெண்) 392 ஹெர்ட்ஸ் அளவில், இன்றைய 440-க்கு ஒரு முழு ஸ்வரம் கீழே. இன்றைய சுருதியில் பாடினால் மேல் ஸ்வரங்கள் கீச்சிடும் அபாயம் உண்டு.

எம்மா கிர்க்பி, ஜூடித் நெல்சன் பாடி, கிறிஸ்டோபர் ஹாக்வுட் நடத்திய பதிவை எடுங்கள், நடுக்கமில்லாத குரல்கள். பிறகு வெரோனிக் ஜான்ஸ், சாந்த்ரின் பியோ, கிறிஸ்தோஃப் ரூஸே பதிவு.

போன் ஸ்பீக்கர் வேண்டாம். ஆர்கனும் வயலும் தரும் கீழ் ஸ்வரங்கள் காணாமல் போனால் மேலே நடக்கும் உரசலுக்கு ஆதாரமே இருக்காது. ஹெட்போன் போடுங்கள். எழுத்தெழுத்தாகத் துண்டாக்கிய பதிவானால் ஷஃபிளையும் (வரிசையைக் கலைப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒன்றின் முடிவை அடுத்ததில் கலப்பது) அணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் பாடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பாடமும் 'எருசலேமே, உன் கடவுளாகிய ஆண்டவரிடம் திரும்பு' என்றுதான் முடியும். அதுவரை இருங்கள்.