முடி கொட்டுகிறது, செலினியம் மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஊர் தேவகோட்டை. தைராய்டு குறைவுக்காகப் பல வருடமாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன், செலினியம் 200 மைக்ரோகிராம் மாத்திரை ஒரு பாட்டிலும், பிரேசில் நட் ஒரு பாக்கெட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறான். மாத்திரையோடு தினமும் நாலு கொட்டை சாப்பிட்டால் முடி நிற்கும், போகப்போகத் தைராய்டு மாத்திரையையே விட்டுவிடலாம் என்று அவனுடைய நண்பர்கள் சொன்னார்களாம். இது போக, நான் தினமும் ஒரு சத்து மாத்திரை போடுகிறேன். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, விரத நாட்களில் கவிச்சி கிடையாது. மற்ற நாட்களில் முட்டை, மீன், கோழி எல்லாம் உண்டு. என் கணவருக்கு 60 வயது, சர்க்கரை இருக்கிறது. அவரும் இதைச் சாப்பிடலாமா? நம் சாப்பாட்டிலேயே செலினியம் கிடைக்காதா?

மருத்துவர் பதில்:

பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் திறக்க வேண்டாம் அம்மா. திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தைராக்சினை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை அந்த யோசனைதான். சுரப்பி சுரக்காத ஹார்மோனைத்தான் அந்த மாத்திரை தருகிறது. உடலுக்குத் துளி அளவே வேண்டிய தாதுப்பொருளான செலினியம் அதைத் தராது.

மகன் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார். நண்பர்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. உடலின் மற்ற உறுப்புகளோடு எடைக்கு எடை ஒப்பிட்டால், செலினியம் அதிகம் இருப்பது தைராய்டு சுரப்பியில்தான். நீங்கள் விழுங்கும் தைராக்சின் உடலுக்குள் போய் டி3 என்ற வேகமான ஹார்மோனாக மாற வேண்டும். மாற்றிக் கொடுக்கும் நொதிகளில் செலினியம் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய அளவு மிகச் சிறியது. பற்றாக்குறை இருப்பவருக்குக் கொடுத்தால் பலன் தெரியும். போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் அந்த நொதி கூடுதலாக எதையும் செய்துவிடாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம் போதும் என்கிறது நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அமெரிக்காவில் 55 என்கிறார்கள். உங்கள் பாட்டில் அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால், லேபிளில் 364 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு நாள் தேவையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலே, ஒரே மாத்திரையில். அடுத்தது பிரேசில் நட். ஒரு கொட்டையில் 68 முதல் 91 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், அது விளைந்த மண்ணைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும். நாலு கொட்டை என்றால் குறைந்தது 270. மாத்திரையும் கொட்டையும் சேர்ந்தே 470 ஆகிவிட்டது. உங்கள் சத்து மாத்திரையையும் சாப்பாட்டையும் இன்னும் கூட்டவே இல்லை.

தாண்டக் கூடாத உச்ச வரம்பு என்று அமெரிக்கர்கள் வைத்திருப்பது 400. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 255 ஆகக் குறைத்தது. அந்த வரம்பை முடிவு செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட அடையாளம் எது தெரியுமா? முடி உதிர்தல். செலினியம் மிகையாகிறது என்பதைச் சீக்கிரம் காட்டிக் கொடுப்பவற்றில் அதுவும் ஒன்று. முடி கொட்டுகிறது என்று எதைச் சாப்பிடப் போகிறீர்களோ, அதுவே அளவு மீறினால் முடியைக் கொட்ட வைக்கும்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரிக்கப்பட்ட ஒரு திரவச் சத்து மருந்தில், லேபிளில் சொன்னதைப் போல 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, களைப்பு, மூட்டு வலி, முடி உதிர்தல், நகம் உடைதல் என்று பல தொந்தரவுகள். சிலருக்கு மாதக்கணக்கில் விடவில்லை. நம் நாட்டிலேயே 2024 கடைசியிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில் சில கிராமங்களில் திடீரென்று பலருக்கு முடி கொட்டி வழுக்கையானது. அவர்கள் ரத்தத்திலும், சாப்பிட்ட ரேஷன் கோதுமையிலும் செலினியம் மிகுந்திருந்ததாக மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் தெரிவித்தார். பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கத்தில் சில இடங்களில் மண்ணிலேயே செலினியம் மிக அதிகம். அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி உதிர்வதும் குளம்பு கழல்வதும் பல காலமாகத் தெரிந்த விஷயம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சீனாவின் வடகிழக்கில் கேஷான் என்ற பகுதியில் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. அங்கே குழந்தைகளுக்கும் இளம் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனமாகி உயிர் போனது. 1970-களில் சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பு மாத்திரையைக் கொடுத்ததும் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஆக, செலினியம் வேண்டாத சரக்கு இல்லை. யாருக்குக் குறைகிறது என்பதுதான் கேள்வி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், குடலின் பெரும்பகுதியை அகற்றியவர்கள், உடல் எடைக்காக இரைப்பை அறுவை செய்தவர்கள், நெடுநாள் ஊசி வழியாகவே சத்து ஏற்றப்படுபவர்கள் ஆகியோருக்குக் குறையலாம். நீங்கள் இந்தப் பட்டியலில் இல்லை.

தைராய்டுக்கு மருத்துவர்களே செலினியம் எழுதிக் கொடுப்பது உண்டே என்று யாராவது சொல்லலாம். உண்டு. தைராய்டு அதிகம் சுரந்து, அதனால் கண் லேசாகப் பிதுங்கிச் சிவந்திருப்பவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தால் பலன் இருக்கிறது என்று 2011-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. அது வேறு நோய். உங்களைப் போலத் தைராய்டு குறைந்தவர்களுக்குச் செலினியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ரத்தத்தில் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கியது உண்மை. ஆனால் அதனால் தைராக்சினை நிறுத்த முடிந்தது என்று எங்கும் உறுதியாகவில்லை. ரிப்போர்ட்டில் ஒரு எண் இறங்குவதும் நோய் குணமாவதும் ஒன்றில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் செட்டிநாட்டுச் சமையலறைக்கு இதில் குறையே இல்லை. இனி நான் சொல்லும் எண்கள் அமெரிக்க உணவு அட்டவணையில் உள்ளவை. நம் மண்ணுக்கும் நம் கோழித் தீவனத்துக்கும் ஏற்ப முன்பின் இருக்கும், ஆனாலும் குத்துமதிப்பாக ஒரு அளவு பிடிபடும். ஒரு அவித்த முட்டையில் 15 மைக்ரோகிராம். கோழிக்கறி 85 கிராமில் 22. அதே எடை இறாலில் 42, மத்தியில் 45, சூரை மீனில் 92. நண்டிலும் நிறைய உண்டு. தொண்டிப் பக்கமிருந்து மீன் வரும் நாளில் ஒரு மீன் குழம்போ, இறால் தொக்கோ வைத்தாலே அன்றைய தேவை முடிந்தது, மறுநாளைக்கும் கொஞ்சம் மிஞ்சும். மீனில் இருக்கும் செலினியத்தில் கொஞ்சம் நீரில் இறங்கினாலும் குழம்பையும் சோற்றில் ஊற்றித்தானே சாப்பிடுகிறோம். நண்டு ரசத்துக்கும் இதே நியாயம்தான். தினமும் சூரை வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன்கள் நல்லது, விலையும் குறைவு. கருவாட்டிலும் செலினியம் இருக்கிறது, ஆனால் உப்பு எக்கச்சக்கம். ரத்தக் கொதிப்பு இருந்தால் எப்போதாவது ஒரு நாள் போதும்.

கவிச்சி இல்லாத நாட்களைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். பருப்பு வேகவைத்து ஒரு கப் எடுத்தால் 6, ஒரு கப் பாலோ தயிரோ 8, அரைக் கப் வெந்த கீரை 5 என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சோற்றிலிருந்தும் வரும், கவுனி அரிசி மாதிரித் தவிடு நீக்காத அரிசி என்றால் இன்னும் நல்லது. காளான், எள், சூரியகாந்தி விதை மூன்றுமே சைவக்காரர்களுக்கு நல்ல வழி. உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரித்துக் கும்மாயம் கிளறுகிறோம் இல்லையா, அதிலும் கொஞ்சம் செலினியம் இருக்கும், புரதமும் நிறைய. கணவருக்கு மட்டும் கும்மாயம் வேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரையைத்தான் ஏற்றும். அதே பாசிப்பயறைச் சுண்டலாகத் தாளித்துக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சைவமாக இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. உணவில் வரும் செலினியத்தை உடல் தசைகளில் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும். முட்டைகூடத் தொடாத முழுச் சைவர்கள் என்றால் பருப்பு, தயிர், காளான் மூன்றையும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேசில் நட்டை வீணாக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு கொட்டை. முந்திரி மாதிரிக் கைநிறைய அள்ளிச் சாப்பிடும் சரக்கு இது இல்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், முக்கியமாகப் பேரப்பிள்ளைகளிடம்.

அப்புறம், நீங்கள் தினமும் போடும் சத்து மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல சத்து மாத்திரைகளில் செலினியம் ஏற்கெனவே இருக்கிறது. பொடி எழுத்தில் சோடியம் செலினைட், செலினியம் டை ஆக்சைடு, செலினோமெத்தியோனின் என்று ஏதாவது ஒன்று தெரியும். பக்கத்தில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சோடியம் செலினைட் 100 மைக்ரோகிராம் என்று அந்த உப்பின் எடையைப் போட்டிருந்தால், உள்ளே இருக்கும் செலினியம் ஏறக்குறைய 45தான். ‘செலினியம் 100’ என்று போட்டிருந்தால் முழுதாக நூறு. எண்ணுக்குப் பக்கத்தில் மைக்ரோகிராமா, மில்லிகிராமா என்றும் பாருங்கள், இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். என்றைக்காவது ஒரு மருத்துவர் உங்களுக்குச் செலினியம் தேவை என்று முடிவு செய்தால், இவ்வளவு அளவு, இத்தனை மாதம் என்று குறித்து எழுதித் தருவது முறை.

உங்கள் கணவருக்கு வேண்டவே வேண்டாம். தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வின் விவரங்களை 2007-இல் அலசியபோது, செலினியம் சாப்பிட்டவர்களில்தான் கூடுதல் பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருந்தது. ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்றும் ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். 35,000 பேருக்கு மேல் சேர்த்து 2001-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பலன் இல்லை என்று 2008-இல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். உடலில் ஏற்கெனவே செலினியம் அதிகமாக இருந்தவர்கள் மாத்திரையும் சாப்பிட்டபோது, வீரியமான புராஸ்டேட் புற்றுநோய் கூடியிருந்தது பின்னால் தெரிய வந்தது.

அப்படியானால் முடி ஏன் கொட்டுகிறது? 54 வயதில் மாதவிடாய் நின்ற பிறகு முடி மெலிவது பலருக்கும் நடக்கும். அதற்கு முன், சரி செய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். தைராக்சின் அளவு சரியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். பார்த்து எவ்வளவு நாளாயிற்று? தைராக்சின் அளவு போதாவிட்டாலும் முடி கொட்டும், கூடிப்போனாலும் கொட்டும். அதோடு ஹீமோகுளோபின், உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், பி12, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். கடும் காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் உண்டு, அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செலினியம் அளவுக்கான ரத்தப் பரிசோதனை உங்களுக்கு இப்போது தேவையில்லை.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்சின். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இரும்பு, கால்சியம் கலந்த சத்து மாத்திரையைக் குறைந்தது நாலு மணி நேரம் தள்ளி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரி செய்தாலே டி.எஸ்.எச். ஒழுங்குக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

செலினியம் பாட்டிலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்து, மூச்சில் பூண்டு வாடை, வாயில் உலோகச் சுவை, நகத்தில் வெள்ளைக் கோடு அல்லது நகம் உடைதல், குமட்டல், கை கால் மதமதப்பு இவற்றில் எது இருந்தாலும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன டி.எஸ்.எச். முதலான ரத்தப் பரிசோதனைகளை மட்டும் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். தைராக்சின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். முடியில் மாற்றம் கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை வேறு புதுப் பாட்டில் எதையும் தொடாதீர்கள்.