ஆபத்தான நேரத்தில் காலம் மெதுவாக நகர்வதும், நமக்கு இல்லாத பலம் வருவதும் உண்மைதானா? உங்களுக்கு நேர்ந்திருக்கிறதா?

நேர்ந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரிக் கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கும் ஏதோ நடந்திருக்கும் போலத் தெரிகிறது. வண்டியில் விழுந்திருப்பீர்கள், இல்லை கண்ணெதிரே யாராவது விழுந்திருப்பார்கள். வீட்டில் சொன்னபோது "பயத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கும்" என்று சொல்லி முடித்திருப்பார்கள். அதனால்தான் முன்பின் தெரியாத ஆட்களிடம் கேட்கிறீர்கள். நானும் ஏழு வருடமாக அப்படித்தான், சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், பாமணியாற்றுக் கடைமடை. மேட்டூரில் எந்தத் தேதிக்குத் தண்ணீர் திறந்தாலும் எங்களுக்கு வந்து சேரும்போது நாற்றங்கால் காய்ந்திருக்கும். அதனால் பாதிப் பேர் தென்னைக்கு மாறிவிட்டோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்த இரவில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மாமியார், அப்போது பத்து வயதான என் மகள். வீட்டுக்காரர் துபாயில். முகாமுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: மாடு இருந்தது. சினை மாடு. அதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க அத்தை ஒப்புக்கொள்ளவில்லை, அவரை விட்டுவிட்டு நான் போனால் ஊர் என்ன பேசும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பத்தொன்பது நாளாக இல்லை. என் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவை என்னைக் கேட்காமல் நாத்தனாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் கேட்டேன், அவர் பேசினார், நானும் பேசினேன். அதிலிருந்து எல்லாம் மகள் வழியாகத்தான். "உங்க அம்மாகிட்ட சொல்லு, உலை கொதிக்குது." "அப்பாயிகிட்ட சொல்லு, தெரியும்னு." மூன்று பேரும் ஒரே அடுப்படியில்தான் நிற்போம்.

மாமியார் கொடுமை எழுத வந்திருக்கிறாள் என்று நினைக்க வேண்டாம். நல்ல மனுஷிதான். அண்டா விஷயத்தில் செய்தது தப்பு, அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளை மேல் ஏறிய காரைத் தாய் ஒருத்தி தூக்கினாள், பாசம் பலம் கொடுத்தது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நான் தூக்கியபோது என் மனசில் பாசம் இருந்ததா என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன்.

ராத்திரி ஒரு மணியிலிருந்து காற்று. ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கும் சத்தம், தோப்பில் மரம் விழும் சத்தம். மகள் நடுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லு என்றேன். இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், தப்பு வந்தால் திரும்ப முதலிலிருந்து. மூன்று மணி வாக்கில் திடீரென்று காற்று அடங்கியது. முடிந்தது என்றே நினைத்தோம். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது அப்படி அடங்கும், பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது யாருக்குத் தெரியும்? அத்தை டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டை அவிழ்க்கக் கொல்லைப்பக்கம் இறங்கிவிட்டார். போகாதீங்க என்று நான் சொல்லியிருக்கலாம். பேச்சு இல்லையே. "அப்பாயியப் போவேணாம்னு சொல்லு" என்று மகளிடம் சொல்வதற்குள் அவர் கொட்டகைக்குப் போய்விட்டார்.

அவ்வளவு நேரம் வடக்கேயிருந்து அடித்த காற்று, தெற்கேயிருந்து வந்தது. கிணற்றடித் தென்னை வேர்ப்பக்கம் பாதி பிடுங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்தது.

இங்கிருந்துதான் உங்கள் கேள்வி.

மரம் சாய்ந்ததை நான் பார்த்தேன் என்று சொல்வதைவிட, அது சாய்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். அவ்வளவு நேரம் இருந்தது. அத்தை கையிலிருந்து டார்ச் நழுவிச் சேற்றில் விழுந்து சுற்றியது. அந்த வெளிச்சம் முதலில் மாட்டின் கண்ணில் பட்டது, அப்புறம் சுவரில், அப்புறம் குலையிலிருந்து கழன்று விழுந்த தேங்காய்களில். தேங்காய்களை எண்ணியிருக்கலாம். மாட்டுக் கயிறு பிரியாமல் இருக்க நீல நைலான் நூலால் முந்தின வாரம் நான் போட்ட முடிச்சு தெரிந்தது. மழைத்துளி விழவில்லை, நின்றது. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? இட்லி மாவைச் சின்னப் பாத்திரத்தில் வைத்துவிட்டேன், விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடுமே என்பது. சாமி நினைப்பு இல்லை, பிள்ளை நினைப்பு இல்லை. மாவு.

சத்தம் எதுவும் காதில் விழவில்லை. அத்தை அலறியதாக அவரே சொல்கிறார். காற்று பேய் மாதிரி ஊளையிட்டதாக ஊரே சொல்கிறது. எனக்குக் கேட்டது ஒன்றுதான். கொல்லை வாசற்படியில் நின்று மகள் கத்திக்கொண்டிருந்த வாய்ப்பாடு.

"ஏழு பன்னெண்டு எண்பத்தி நாலு."

கொட்டகையின் பனை உத்தரம் சரிந்து அத்தையின் இடது கால் மேல் கிடந்தது. அதன்மேல் தென்னை. நான் எப்போது படியிறங்கினேன், எப்போது அங்கே போனேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. மற்ற எல்லாம் துண்டு துண்டாகத் தெளிவாக இருக்கும்போது அந்த ஏழெட்டு அடி தூரம் மட்டும் காணவில்லை. உத்தரத்துக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தேன். பனஞ்சிராய் உள்ளங்கையில் ஏறுவது தெரிந்தது, வலிக்கவில்லை.

"எட்டு பன்னெண்டு தொண்ணூத்தாறு."

உத்தரம் எழுந்தது. கனமாகவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கனம் இருந்தது, ஆனால் அது வேறு யாரோ சுமக்கிற கனம் மாதிரி. கால் ஒன்றால் அத்தையைத் தள்ளினேன். ஆமாம், காலால்தான். அவரும் கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்தார். கீழே போட்டேன்.

"பத்து பன்னெண்டு நூத்திருவது."

நூற்றெட்டு எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் சொன்னேன் என்கிறாள்.

காலையில் பெரியப்பா மகன்களோடு நான்கு பேர் வந்து அதே உத்தரத்தை நெம்பினார்கள். அசையவில்லை. தென்னையை மெஷின் வைத்து மூன்று துண்டாக அறுத்த பிறகுதான் வெளியே எடுத்தார்கள். ஊர் முழுக்க மரம் குறுக்கே கிடந்ததால் அத்தையைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து ரோடு வரை தூக்கிப் போனார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, மாவுக்கட்டு, மூன்று மாதம்.

இப்போது "சும்மா அளக்காதே" என்பவர்களுக்கு. எனக்கே சந்தேகம் இருந்ததால் அந்த மரம் கிடந்த விதத்தை அறுப்பதற்கு முன்பு நன்றாகப் பார்த்துவைத்தேன். வேர்ப்பக்கம் மண்ணைவிட்டு முழுசாக வரவில்லை. நடுமரம் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றது. அப்படியென்றால் அது ஏற்ற மரம் மாதிரி ஆகிவிடுகிறது. ஏற்றம் இறைத்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும், பாரம் எங்கே தாங்குகிறது என்பதைப் பொறுத்து ஒரு ஆள் எவ்வளவும் தூக்கலாம். நான் பிடித்த முனையில் பாரம் குறைவாக இருந்திருக்கலாம். அந்தக் காற்றே ஒரு நொடி மரத்தை மேலே தூக்கிக் கொடுத்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனாலும் என் உடம்பு ஐம்பத்திரண்டு கிலோதான்.

மகள் இப்போது கல்லூரியில் உளவியல் படிக்கிறாள், இந்த விஷயத்தைத் தோண்டித் தோண்டிப் படிக்கிறாள். அவள் காட்டியதில் ஒன்று எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியல் விஞ்ஞானியும் கூட இருந்தவர்களும் செய்த சோதனை, 2007இல் வெளியானது. ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க வலையில் விழவிட்டார்கள். கையில் வாட்ச் மாதிரி ஒரு கருவி, அதில் எண்கள் படிக்க முடியாத வேகத்தில் மாறி மாறி மின்னும். நிஜமாகவே பார்வைக்குக் காலம் மெதுவானால், விழும்போது அந்த எண்ணைப் படித்துவிடலாம் அல்லவா? யாராலும் படிக்க முடியவில்லை. ஆனால் நீ விழுந்தது எவ்வளவு நேரம் என்று கேட்டால், அடுத்தவர் விழுந்ததற்குச் சொன்னதைவிடச் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். அதாவது அந்த நொடி நீளவில்லை. பயத்தில் மூளை வழக்கத்தைவிட அதிகமாகப் பதிந்துவைக்கிறது, பிறகு திரும்பிப் பார்க்கும்போது அவ்வளவு சரக்கு இருப்பதால் நீளமாகத் தெரிகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

எங்கள் வீட்டு வாய்ப்பாடும் அதைத்தான் சொல்கிறது. ஏழிலிருந்து பத்து வரை சொல்ல, பயந்த பிள்ளைக்கு, பத்துப் பதினைந்து நொடி. எனக்கு அது கால் மணி நேரம். ஆனால் அவள் இழுத்து இழுத்துச் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டது.

இது இன்று நேற்றுச் சமாச்சாரமும் இல்லை. ஆல்பர்ட் ஹைம் என்று ஒரு சுவிட்சர்லாந்து நிலவியல்காரர் 1871இல் மலையிலிருந்து விழுந்து பிழைத்தார். அப்படி விழுந்து பிழைத்த மற்றவர்களிடமும் கேட்டு 1892இல் எழுதினார். பெரும்பாலானவர்கள் பயமே தெரியவில்லை, மனசு அமைதியாக இருந்தது, யோசனை வேகவேகமாக ஓடியது என்றார்களாம். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கேயோ பனிமலையில் விழுந்த ஆளுக்கும் கடைமடைக்காரிக்கும் ஒரே மாதிரி.

பலம் விஷயமும் அப்படித்தான். புதிதாக எதுவும் வருவதில்லை. சாதாரண நாளில் தசையை முழுசாகப் பயன்படுத்த உடம்பு விடாது, பிய்ந்துவிடும் என்று வலியையும் அசதியையும் காட்டி நிறுத்திவைக்கும். ஆபத்தில் அட்ரினலின் சுரக்கும்போது அந்தத் தடுப்பு கொஞ்சம் விலகுகிறது, வலியும் அவ்வளவாகத் தெரிவதில்லை என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் பில் பின்னால் வரும் என்பதைச் சொல்வதில்லை. காலையில் டீ போட டம்ளரை எடுத்தபோதுதான் வலது மோதிரவிரலில் நகமே இல்லை என்று பார்த்தேன். மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள். இன்றைக்கும் அரிசி மூட்டையை நகர்த்த ஆள் கூப்பிடுகிறேன்.

இடுப்புக்கு யாரும் நிவாரணம் தரவில்லை, அதை விடுங்கள். தென்னைக்குத் தந்ததையாவது ஒழுங்காகத் தந்தார்களா? மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள், வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து. எங்கள் தோப்பில் 63 மரம். 51 சாய்ந்தது. ஒன்பது மரம் குருத்து முறுகி நின்றது. கணக்கெடுக்க வந்தவர், "நிக்கிற மரத்த எப்படிம்மா விழுந்ததுன்னு எழுதுறது?" என்றார். பொங்கல் கழிந்து நாலு மாதத்தில் ஒன்பதும் செத்தது, அப்போது அவரைக் காணோம். நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறேழு வருடம். அப்போது வைத்த பிள்ளைகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் மனசில் இருப்பது வந்துவிடுகிறது.

எனக்கு நிஜமான மனத்தாங்கல் வேறு. அத்தையைக் கேட்டால் உத்தரத்தைத் தூக்கியது நான் இல்லை, எங்கள் குலதெய்வம் வீரனார். மாவுக்கட்டோடு கிடந்தபோது பார்க்க வந்த அத்தனை பேரிடமும் இதைத்தான் சொன்னார். "அவ கண்ணு அவ கண்ணாவே இல்ல. வீரனாருதான் எறங்கிட்டாரு." ஆடியில் வீரனாருக்குக் கிடா வெட்டி, நாத்தனாரின் அண்டாவில்தான், அதாவது என் அண்டாவில்தான், குழம்பு காய்ச்சினார்கள். மாமன் மச்சான் எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள். நீதான் தூக்கினே என்று அத்தை வாயால் ஒரு தடவை வந்ததில்லை. சாமியை நான் குறை சொல்லவில்லை, தினமும் விளக்கு ஏற்றுகிறவள்தான். ஆனால் வீரனார் தூக்கியிருந்தால் டிஸ்க் அவருக்கல்லவா விலகியிருக்க வேண்டும்?

அந்தப் பனை உத்தரம் இன்னும் கொல்லையில் கிடக்கிறது. பன்னிரண்டு அடி, வைரம் பாய்ந்த மரம், ஏழு மழைக்கும் ஒன்றும் ஆகவில்லை. துணி அலசி வைக்கவும், சாயங்காலம் உட்காரவும் ஆகிறது. இப்போது அதன்மேல் தென்னை இல்லை, ஒன்றும் இல்லை. போன வாரம் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு முனையில் கை கொடுத்துப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை.

திண்ணைப் பக்கமிருந்து அத்தை குரல் வந்தது. "வீரனாரக் கூப்புட்டுட்டுத் தூக்குடி."