கணினிக் கேள்வி – பதில்: கோப்பில் எழுதியது எப்போது வட்டைச் சேர்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றுக்கு மட்டும் இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் நேரம், வண்டி எண், ரகம், எடை ஆகியவற்றை ஒரு வரியாகக் கோப்பில் சேர்க்கும் நிரலைச் சி மொழியில் நானே எழுதி, லினக்ஸ் கணினியில் ஓட்டுகிறேன். சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள் மின்சாரம் நின்று கணினி அணைந்துவிட்டது. மீண்டும் திறந்து பார்த்தால் கடைசி வரிகள் பல கோப்பில் இல்லை. வரியை எழுத நான் பயன்படுத்தும் எஃப்பிரிண்ட்எஃப் ஒரு முறைகூடப் பிழை சொல்லவில்லை. அந்த வரிகள் எங்கே போயின?

பதில்: அவை வட்டுக்குப் போகவே இல்லை. வழியில் இரண்டு இடங்களில் தங்கியிருந்தன. மின்சாரம் நின்றதும் இரண்டும் ஒருசேர அழிந்தன.

எந்த நிரலும் வட்டைத் தானாகத் தொட முடியாது. அந்த உரிமை இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலுக்கு மட்டுமே உண்டு. ஆகவே நிரல், "இந்தக் கோப்பில், என் நினைவகத்தின் இந்த இடத்திலிருந்து, இத்தனை பைட்டுகளை எழுது" என்று கெர்னலிடம் கேட்கிறது. இப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால். எழுதுவதற்கான சிஸ்டம் காலின் பெயர் ரைட். ஆனால் நீங்கள் அழைத்த எஃப்பிரிண்ட்எஃப் சிஸ்டம் கால் அன்று. அது சி நூலகத்தின் ஒரு செயல்கூறு. கெர்னலை ஒவ்வொரு முறையும் அழைப்பதற்கு நேரம் செலவாகும் என்பதால், நூலகம் உங்கள் வரிகளை நிரலின் சொந்த நினைவகத்தில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்த்துக்கொண்டே வந்து, அது நிரம்பிய பிறகே ரைட்டை அழைக்கிறது. லினக்ஸில் சாதாரணக் கோப்புக்கு இந்தப் பஃபர் பெரும்பாலும் 4096 பைட் அளவுடையது. உங்கள் வரி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 பைட் என்று கொண்டால், ஐம்பது வண்டிகளின் எடை கெர்னலின் காதுக்கே எட்டாமல் காத்திருக்கக்கூடும். திரையில் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் தெரிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். வெளியீடு டெர்மினல் என்ற கட்டளைத் திரைக்குப் போகும்போது நூலகம் வரிக்கு வரி அனுப்புகிறது. கோப்புக்குப் போகும்போதுதான் நிரம்பும்வரை காக்கிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். எஸ்ட்ரேஸ் என்ற கருவியின் கீழ் உங்கள் நிரலை ஓட்டினால், அது செய்யும் சிஸ்டம் கால்கள் வரிசையாகத் திரையில் வரும். பல வண்டிகளுக்குக் கோப்பைப் பற்றிய பேச்சே இராது; பிறகு ரைட்(3, "…", 4096) = 4096 என்று ஒரே ஒரு வரி தோன்றும். அதிலுள்ள 3 என்பது உங்கள் கோப்பின் அடையாள எண். 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகிய மூன்றுக்கும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருப்பதால், முதலில் திறக்கும் கோப்புக்குப் பொதுவாக 3 கிடைக்கிறது. சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது கெர்னல் பெற்றுக்கொண்ட பைட்டுகளின் எண்ணிக்கை.

"பெற்றுக்கொண்ட" என்று நான் எழுதியதைக் கவனியுங்கள்; வட்டில் எழுதிய என்று எழுதவில்லை. கெர்னல் அந்தப் பைட்டுகளைத் தன் நினைவகத்திலுள்ள பேஜ் கேஷ் என்ற பகுதியில் நகலெடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறது. வட்டில் எழுதும் வேலையைப் பின்னணியில், தனக்கு வசதியான நேரத்தில் செய்கிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், பின்னணி வேலை 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிக்கு மேல் எழுதப்படாமல் கிடப்பவற்றை வட்டுக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் உங்கள் நிரல் மட்டும் செயலிழந்தால் பேஜ் கேஷில் உள்ளவை தப்பிவிடும், நூலகப் பஃபரில் உள்ளவை மட்டுமே போகும். மின்சாரம் நின்றால் இரண்டுமே போகும். கோப்பை மூடினால் போதும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. கோப்பை மூடும் எஃப்குளோஸ் நூலகப் பஃபரைக் காலி செய்கிறதே தவிர, கெர்னலிடம் உள்ளது வட்டைச் சேர்ந்துவிட்டது என்று உறுதி தருவதில்லை.

அந்த உறுதியைத் தருவதற்கென்றே எஃப்சிங்க் என்ற தனிச் சிஸ்டம் கால் இருக்கிறது. முன்பு பதிவுத் தபாலைக் கொடுத்ததும் அஞ்சலகத்தில் தந்த ரசீது போன்றது ரைட் தரும் எண். பெற்றவர் கையெழுத்திட்டுத் திரும்பி வந்த ஒப்புகை அட்டை போன்றது எஃப்சிங்க் தரும் வெற்றி. உங்கள் நிரலில் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் முதலில் எஃப்ஃபிளஷை அழையுங்கள். அது நூலகப் பஃபரைக் கெர்னலிடம் சேர்க்கும். அடுத்து அந்தக் கோப்பின் எண்ணைக் கொடுத்து எஃப்சிங்கை அழையுங்கள். வட்டு எழுதி முடிக்கும்வரை அது திரும்பாது. இந்த வரிசை மாறினால் பயனில்லை, ஏனெனில் கெர்னலுக்கு இன்னும் வராததை அதனால் வட்டுக்கு அனுப்ப முடியாது.

இதற்கு விலை உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதில் விநாடிக்கு ஏறத்தாழ நூறு எஃப்சிங்குகளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான பதிவுகளை நொடியில் எழுதும் தரவுதளங்களுக்கு இது பெரிய கவலை. அவை பல பதிவுகளைக் கூட்டி ஒரே எஃப்சிங்கில் முடிக்கின்றன. எடை மேடையிலோ ஒரு வண்டி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் சில நிமிடங்கள் ஆகின்றன. அங்கே வரிக்கு ஒரு எஃப்சிங்க் போடாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு லோடு பெங்களூரா ரக மாங்காயின் எடை விட்டுப்போனால் அது ஒரு விவசாயியின் பணம். எஃப்சிங்க் வெற்றி என்று சொன்ன பிறகே எடைச் சீட்டை அச்சிடும்படி நிரலை அமையுங்கள்.

எஃப்சிங்க் தரும் விடையையும் தவறாமல் சோதியுங்கள். அது தோற்றால் மறுபடி ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும், அது ஆபத்தானது. வட்டில் எழுதும்போது பிழை நேர்ந்த பேஜ் கேஷ் பக்கங்களை லினக்ஸ் கெர்னல் எழுதி முடிக்கப்பட்டவைபோலக் குறித்துவிடக்கூடும் என்பதால், இரண்டாம் அழைப்பு வெற்றி என்று திரும்பினாலும் தரவு வட்டில் இல்லாமல் போகலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுதளத்தை உருவாக்குவோர் 2018-இல் இதை விரிவாக விவாதித்தனர். அதன் பிறகு, எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்திவிட்டு, முன்கூட்டி எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுக்கும்படி அதை மாற்றினர். உங்கள் நிரலும் அந்நிலையில் எழுதுவதை நிறுத்தி, எடை போடுபவருக்குத் திரையில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறேன். "தருமபுரி" என்ற சொல்லைப் பைத்தானில் கோப்பின் ரைட் வழியாக எழுதினால் 8 என்ற எண் கிடைக்கிறது. ஓஎஸ் தொகுதியில் உள்ள ரைட் வழியாக எழுதினால் 24 கிடைக்கிறது. சொல்லில் இருப்பதோ ஐந்து எழுத்துகள். எது சரி?

பதில்: மூன்றும் சரியே, மூன்றும் வெவ்வேறு பொருள்களை எண்ணுகின்றன. நம் கண்ணுக்கு த, ரு, ம, பு, ரி என ஐந்து எழுத்துகள். யூனிகோடில் ரு, பு, ரி ஆகியவை ர, ப என்ற அகர எழுத்தும் உயிர்க்குறியுமாக இரண்டிரண்டு குறியீடுகளாகப் பிரிவதால் மொத்தம் எட்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் இருபத்து நான்கு. கெர்னலுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட் மட்டுமே.

இதிலிருந்து நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 24 பைட் எழுதச் சொன்னால் கெர்னல் 24-ஐயும் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வட்டில் இடம் முடியும் தறுவாயில் இருந்தாலோ, நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் பைப், சாக்கெட் போன்றவற்றில் எழுதினாலோ, கேட்டதைவிடக் குறைவாக எழுதி அந்த எண்ணைத் திருப்பித் தரலாம். லினக்ஸில் ஓர் அழைப்பில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் எழுதவும் முடியாது. 24-க்குப் பதில் 20 திரும்பியதாக வைத்துக்கொள்வோம். 18 பைட்டில் "தருமபு" முடிந்துவிடும். மீதி இரண்டு பைட் "ர" என்ற குறியீட்டின் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியே விட்டுவிட்டால், கோப்பைத் திறப்பவருக்கு இறுதியில் கேள்விக்குறி பொறித்த ஒரு பொருளற்ற வடிவம் தெரியலாம். ஆகவே ஓஎஸ் ரைட்டை நேரடியாக அழைப்பவர், திரும்பிய எண்ணைப் பார்த்து, எஞ்சியதை மீண்டும் கொடுக்கும் சுழலை எழுதியே ஆக வேண்டும். பைத்தானின் வழக்கமான கோப்பு இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது.

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டியின் அன்றாட விலைப்பட்டியலை ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். புதிய விலை வந்ததும் நிரல் அதே கோப்பைத் திறந்து முழுவதையும் புதிதாக எழுதும். ஒருமுறை மின்தடைக்குப் பிறகு புதிய விலையும் இல்லை, பழைய விலையும் இல்லை. கோப்பு வெறும் பூச்சியம் பைட்டாக இருந்தது.

பதில்: எழுதுவதற்காக அப்படித் திறந்த கணத்திலேயே பழைய உள்ளடக்கம் வெட்டப்பட்டு, கோப்பின் நீளம் பூச்சியமாகிவிடுகிறது. புதியது பேஜ் கேஷில் காத்திருந்தபோது மின்சாரம் நின்றிருக்கிறது. இருக்கும் கோப்பின் மேலேயே எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதே கோப்புறையில் வேறொரு பெயரில் புதிய கோப்பை எழுதி, அதற்கு எஃப்சிங்க் கொடுத்து, அது வெற்றி பெற்ற பிறகு ரீநேம் என்ற சிஸ்டம் காலால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். ரீநேம் என்பது இடையில் பிரிபடாத ஒற்றைச் செயல். எந்தக் கணத்தில் பார்த்தாலும் அந்தப் பெயரில் பழைய கோப்பு முழுதாகவோ புதிய கோப்பு முழுதாகவோ இருக்கும். பெயர் மாற்றமும் வட்டில் பதிய வேண்டுமானால் கோப்புறைக்கும் ஓர் எஃப்சிங்க் தேவை.

நடுவிலுள்ள எஃப்சிங்கை விட்டுவிட்டு ரீநேம் மட்டும் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். 2009-இல் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கு மாறியவர்கள் பலர் இதே பூச்சியம் பைட் சிக்கலில் மாட்டினர். அந்த முறைமை வட்டில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போட்டதால், பெயர் மாற்றம் முதலில் பதிந்து, தரவு பின்தங்கியது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான தியடோர் சோ, எஃப்சிங்க் இல்லாத நிரல் அந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது என்று விளக்கினார்; அப்படியிருந்தும் பயனர்களின் நலன் கருதி லினக்ஸ் 2.6.30-இல் ஒரு பாதுகாப்பும் சேர்க்கப்பட்டது. எல்லாக் கோப்பு முறைமையிலும் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: தேன்கனிக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். லினக்ஸ் கணினியிலிருந்து பென் டிரைவுக்குப் பெரிய வீடியோவை நகலெடுத்தால், நூறு சதவீதம் என்று விரைவிலேயே காட்டிவிடுகிறது. உருவி எடுத்து வேறு கணினியில் போட்டால் பாதி வீடியோதான் ஓடுகிறது.

பதில்: அந்த நூறு சதவீதம் பேஜ் கேஷில் சேர்ந்ததன் கணக்கு. பென் டிரைவின் வேகம் நினைவகத்தின் வேகத்தைவிட மிகக் குறைவு என்பதால் மீதி பின்னணியில் போய்க்கொண்டிருக்கிறது. மெனுவில் உள்ள பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள். டெர்மினலில் வேலை செய்பவராக இருந்தால், சிங்க் என்று தட்டி, அது முடிந்து கர்சர் திரும்பியதும் அன்மவுன்ட் செய்து, அதாவது கணினியுடனான இணைப்பை விடுவித்துவிட்டு எடுக்கலாம்.