'ஆல்தோ' இருந்தால் 'பட்' வேண்டாம்

வணக்கம் சகோதரி. படிவம் நான்கில் படிக்கும் மகள் ஆங்கில வாக்கியத்தை 'ஆல்தோ'வில் (என்றாலும்) தொடங்கி நடுவில் 'பட்'டும் (ஆனால்) போடுகிறாள், ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்கிறார், காரணம் புரியவில்லை என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க ஆங்கிலத்தில் ஓர் இணைப்புச்சொல் போதும். 'ஆல்தோ ஷி வாஸ் சிக், பட் ஷி வென்ட் டு ஸ்கூல்' என்பதில் இரண்டு இருக்கின்றன. 'ஆல்தோ'வை எடுக்கலாம், அல்லது 'பட்'டை எடுக்கலாம், இரண்டும் சரியே. 'பிகாஸ்', 'ஸோ' ஜோடியும் இப்படித்தான். 'பிகாஸ் த பார்க் வாஸ் வெட், ஸோ தே டிட் நாட் டேப்' (மரப்பட்டை ஈரமாக இருந்ததால் பால் வெட்டவில்லை) என்று எழுதினால் 'ஸோ'வை எடுத்துவிட வேண்டும். மலாய்ப் பேச்சில் 'வாலாவ்புன்' (என்றாலும்), 'தெதாப்பி' (ஆனால்) சேர்ந்தே காதில் விழுவதால் பிள்ளைக்கு இது தவறாகத் தோன்றாது. அவளைத் திட்டாதீர்கள்.

'ஆல்தோ' பகுதி முதலில் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி வேண்டும்.

'பட்'டை வெட்டப் பழகியதும் இன்னொரு தவறு தலைகாட்டும்: இணைப்பே இல்லாமல் வெறும் காற்புள்ளி. 'த பஸ் வாஸ் லேட், வி வாக்ட்' என்பதில் காற்புள்ளிக்குப் பின் 'ஸோ' வேண்டும். அங்கே 'ஹவ்எவர்' (எனினும்) போட்டும் ஒட்ட முடியாது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. 'டிஸ்பைட்'டுக்குப் (இருந்தபோதிலும்) பின் முழு வாக்கியம் வராது: 'டிஸ்பைட் த ரெயின்' என்று பெயர்ச்சொல்தான்.

பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, நீண்ட வாக்கியங்களில் முற்றுவினைகளை ('வாஸ்', 'வென்ட்' போலக் காலம் காட்டும் வினைகளை) எண்ணச் சொல்லுங்கள். இரண்டு வினை என்றால் ஓர் இணைப்பு, மூன்று என்றால் இரண்டு. 'ஹூ', 'விச்' ஆகியவற்றையும் இணைப்பாகவே எண்ண வேண்டும்.