அணைத்தும் அணையாத கணினி: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். இம்முறை வந்து சேர்ந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே, 'ஷட் டவுன்' கொடுத்த பிறகும் வீட்டுக் கணினி தானாக அணையாமல் போவதைப் பற்றியவை. எல்லோரும் "அணைய மாட்டேன் என்கிறது" என்றே எழுதியிருந்தாலும், அணையவே அணையாத கணினி வேறு, அணைந்த மறுகணம் தானே எழுந்துகொள்ளும் கணினி வேறு, உண்மையில் அணைந்துவிட்டும் எங்கோ ஒரு விளக்கு எரிவதால் பழி சுமக்கும் கணினி வேறு. ஆகவே சுவிட்சில் கை வைப்பதற்கு முன், திரை, மின்விசிறி, முகப்பு விளக்கு ஆகிய மூன்றும் என்ன செய்கின்றன என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை, இல்லத்தரசி): ஷட் டவுன் கொடுத்தால் திரை கறுத்துவிடுகிறது. ஆனால் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, முகப்பு விளக்கும் எரிகிறது. கடைசியில் ப்ளக் பாயின்டில்தான் நிறுத்துகிறேன். ரீஸ்டார்ட் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. விண்டோஸ் 10 போட்டிருக்கிறோம்.

பதில்: ரீஸ்டார்ட் சரியாக நடக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதே பாதி விடை, அம்மா. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், ஷட் டவுன் என்று நாம் கொடுப்பது முழுமையான அணைப்பு அன்று. திறந்திருக்கும் செயலிகளை மூடிவிட்டு, விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் (ஒவ்வொரு வன்பொருளையும் விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள்கள்) இருக்கும் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுமுறை அதையே படித்து விரைவாக எழுந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பெயர். ரீஸ்டார்ட் இந்தக் குறுக்கு வழியில் போவதில்லை. எழுதி வைக்கும் வேளையில் ஏதேனும் ஒரு டிரைவர் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டால், திரை அணைந்து மின்விசிறி மட்டும் சுற்றும் இந்த நிலை உண்டாகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அப்போது குறுக்கு வழியைத் தவிர்த்து முழு அணைப்பு நடக்கும். அப்படிச் செய்தால் கணினி நன்றாக அணைகிறது என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று பொருள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறந்து, மேலே சிறிய எழுத்தில் இருக்கும் 'தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று' என்னும் பொருளுடைய வரியைச் சொடுக்கினால், கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் கட்டம் உயிர்பெறும்; அதிலுள்ள குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். காலையில் கணினி எழச் சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆனால் இது நோயை அடக்குவதே தவிர வேரைப் பிடுங்குவதாகாது. 2015-இல் விண்டோஸ் 10 வந்த புதிதில், 'மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்' என்ற சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை ஒருங்கிணைக்கும் சில்லுகள்) டிரைவரின் புதிய பதிப்பு தானாக ஏறிக்கொண்டதால் இதே அறிகுறி பலருடைய கணினிகளில் தோன்றி, பழைய பதிப்பைப் போட்டதும் மறைந்தது. எனவே உங்கள் மதர்போர்டைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கே உரிய சிப்செட் டிரைவரை இறக்கி நிறுவிப் பார்ப்பதும் நல்லது.

கேள்வி (வியாசர்பாடி, பாலிடெக்னிக் மாணவர்): மின்விளக்கை நாம் சுவிட்சைத் தட்டித்தான் அணைக்கிறோம். ஒரு மென்பொருள் எப்படி மின்சாரத்தையே நிறுத்துகிறது, ஐயா?

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம், தம்பி, ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. பழைய ஏ.டி. வகைக் கணினிகளில் முகப்பிலிருந்த சுவிட்ச் 230 வோல்ட் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்கும். அதனால்தான் விண்டோஸ் 95 காலத்தில், வேலை முடிந்ததும் கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்துகளில் 'இனி நீங்கள் கணினியை அணைக்கலாம்' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும். நாமும் கீழ்ப்படிந்து சுவிட்சைத் தட்டுவோம். 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய கணினி அமைப்பு வந்ததும் இந்த உறவு மாறியது.

ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து, அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் பெட்டியிலிருந்து, மதர்போர்டுக்குப் போகும் பெரிய இணைப்பில் இரண்டு கம்பிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊதா நிறக் கம்பியில், கணினி அணைந்திருந்தாலும் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். பச்சை நிறக் கம்பி கட்டளைக் கம்பி: மதர்போர்டு அதைத் தரையோடு, அதாவது கறுப்புக் கம்பியின் நிலைக்கு, இழுத்து வைத்திருக்கும் வரையில்தான் எஸ்.எம்.பி.எஸ். முழுமையாக வேலை செய்யும்; பிடியை விட்டால் ஊதாவைத் தவிர மற்ற எல்லா மின்னழுத்தமும் நின்றுவிடும். 1996 இறுதியில் வெளியான ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதிமுறையின்படி, இயங்குதளம் தன் வேலைகளை முடித்த பிறகு 'எஸ் 5' எனப்படும் அணைப்பு நிலைக்குப் போகச் சொல்லி சிப்செட்டிடம் எழுதுகிறது. அதன்பின் பச்சைக் கம்பியின் பிடி விடப்படுகிறது.

இந்தச் சங்கிலியில் அறுந்திருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கணினி தொங்கி நிற்கும்போது பவர் பட்டனை நான்கு நொடிகளுக்கு மேல் விடாமல் அழுத்துங்கள். விண்டோஸைக் கேட்காமல் சிப்செட்டே நேரடியாக அணைக்கும் வழி இது. அப்போது அணைந்துவிட்டால், வன்பொருள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவர், விண்டோஸ், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியை இயக்கத் தொடங்கும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஆகியவற்றில் தேடலாம். நான்கு நொடி அழுத்தியும் மின்விசிறி சுற்றினால் மென்பொருளை நோண்டுவதில் பயனில்லை. பட்டன், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவிவிட்டு, பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (காசிமேடு, மீன்பிடி வலை வணிகர்): எங்கள் கணினி அணைகிறது, ஆனால் இரண்டு மூன்று நொடிகளில் தானாகவே மீண்டும் எழுந்துகொள்கிறது. சில நாள் நடுஇரவிலும் எழுகிறது.

பதில்: இரண்டு காரணங்களை வரிசையாகச் சோதிக்க வேண்டும். முதலாவது, அணையும் தறுவாயில் விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை வந்து, அது கண்ணில் படும் முன்பே தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுவது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதியில், தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை எடுத்துவிட்டால் நீலத்திரை நின்று காட்சி தரும். தவறு செய்த டிரைவரின் பெயரும் அதில் பல சமயம் இருக்கும்.

இரண்டாவது காரணத்தையே உங்கள் பகுதிக்கு நான் அதிகம் சந்தேகிப்பேன். கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சன்னல் கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, பவர் பட்டனுக்குள் இருக்கும் மெல்லிய தகடு பச்சை பூப்பது தெரிவதில்லை. அந்தப் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டாலோ ஈரத்தால் மின்சாரம் கசிந்தாலோ, யாரோ அழுத்தியதாகவே மதர்போர்டு நினைத்துக்கொள்ளும். கணினி ஷட் டவுன் ஆகும் முன்பே, கேபினெட்டின் முகப்பிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பவர் சுவிட்சின் இரட்டைக் கம்பியை மெதுவாக உருவிவிட்டு, பிறகு மவுஸால் ஷட் டவுன் கொடுங்கள். கணினி எழாமல் அமைதியாகப் படுத்திருந்தால் பட்டன்தான் காரணம். புதிய பட்டன் கிடைக்கும் வரை, ரீசெட் பட்டனின் கம்பியை எடுத்து பவர் சுவிட்சின் ஊசிகளில் செருகிவிடுங்கள். ரீசெட் பட்டனே பவர் பட்டனாக வேலை செய்யும். ஏறக்குறைய யாரும் தொடாத பட்டன் என்பதால் அது பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும்.

நடுஇரவில் எழுவது ஷட் டவுனிலிருந்தா, ஸ்லீப்பிலிருந்தா என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்லீப் என்றால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டு, மவுஸ் ஆகியவற்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்' என்னும் அனுமதியை நீக்குங்கள். மேசையின் மேல் எலி ஓடி மவுஸ் அசைந்து கணினி எழுந்த கதையும் எங்கள் தெருவில் உண்டு.

கேள்வி (கொருக்குப்பேட்டை, தனியார் நிறுவன ஊழியர்): கரண்ட் போய்த் திரும்பி வந்ததும், அணைத்து வைத்திருந்த கணினி தானே ஓட ஆரம்பிக்கிறது.

பதில்: இது பழுதே அன்று. பயாஸில் 'ரீஸ்டோர் ஆன் ஏ.சி. பவர் லாஸ்' அல்லது அதை ஒத்த பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அது 'பவர் ஆன்' என்றிருந்தால் மின்சாரம் வந்தவுடன் கணினி எழத்தான் செய்யும். 'பவர் ஆஃப்' என்று மாற்றிச் சேமியுங்கள். மாற்றியும் சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பினால், கடிகாரமும் பின்தங்கினால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

கேள்வி (திருவொற்றியூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): கணினி அணைந்த பிறகும் மவுஸின் சிவப்பு விளக்கு எரிகிறது. மின்கட்டணம் ஏறுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: மேலே சொன்ன ஊதாக் கம்பியின் 5 வோல்ட்தான் அந்த விளக்கை எரிய வைக்கிறது, ஐயா. கணினி அணைந்துவிட்டது. பயாஸில் 'ஈ.ஆர்.பி.' என்ற அமைப்பை இயக்கினால் அந்த விளக்கும் அணையும். அணைந்த நிலையில் மின்செலவு அரை வாட்டைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதியின் பொருட்டு வந்த அமைப்பு அது. அரை வாட் என்றால் ஆண்டு முழுவதற்கும் ஐந்து யூனிட்டுக்கும் குறைவு.

நீங்கள் அஞ்ச வேண்டியது முதல் கேள்வியில் வந்த கணினியைப் போல, திரை மட்டும் கறுத்து உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத்தான். அது 50 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்தில் 24 யூனிட் ஆகிவிடும். நமக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் ஏறக்குறைய கால் பங்கு.

கேள்வி (பெரம்பூர், டியூஷன் ஆசிரியை): இரவு பத்து மணிக்குத் தானாக அணையும்படி டாஸ்க் ஷெட்யூலரில் அமைத்தேன். சில நாள் அணைகிறது, சில நாள் இல்லை.

பதில்: அந்தப் பணியின் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கணினி சும்மா இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனையில் குறியிருந்தால், பத்து மணிக்கு யாராவது பாடக் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் பணி தொடங்காது. அடுத்து, ஷட் டவுன் கட்டளையில் காத்திருக்கும் நேரம் பூச்சியம் என்று கொடுத்திருந்தால், சேமிக்காத ஒரு வேர்டு கோப்பே அணைப்பைத் தடுத்து நிறுத்திவிடும். அறுபது நொடி போல் ஏதேனும் ஒரு நேரம் கொடுத்தால், திறந்திருக்கும் எல்லாவற்றையும் விண்டோஸ் கட்டாயமாக மூடிவிட்டே அணையும்; சேமிக்காத வினாத்தாளும் அதோடு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் 600 நொடி கொடுப்பேன். எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுச் சேமிக்க அது போதுமான நேரம்.

கேள்வி (மண்ணடி, அச்சக உரிமையாளர்): பழைய தமிழ் எழுத்துருக்களுக்காக இன்னும் விண்டோஸ் எக்ஸ்.பி. கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். மீண்டும் நிறுவிய பிறகு, 'இனி அணைக்கலாம்' என்று எழுத்து வந்து நின்றுவிடுகிறது.

பதில்: டிவைஸ் மேனேஜரில் 'கம்ப்யூட்டர்' என்ற வரியை விரித்துப் பாருங்கள். 'ஏ.சி.பி.ஐ.' என்ற சொல் இல்லாமல் 'ஸ்டாண்டர்டு பி.சி.' என்றிருந்தால், நிறுவும்போது பயாஸில் ஏ.சி.பி.ஐ. முடக்கப்பட்டிருந்திருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் ஏ.பி.எம். (ஏ.சி.பி.ஐ.க்கு முந்தைய மின் மேலாண்மை முறை) என்ற பக்கம் தென்பட்டால் அதில் குறியிட்டுப் பாருங்கள். பல கணினிகளுக்கு அதுவே போதும். இல்லையென்றால் பயாஸில் ஏ.சி.பி.ஐ.யை இயக்கிவிட்டு எக்ஸ்.பி.யை மறுபடி நிறுவுவதே நேர்வழி. எழுத்துருக்களை முதலில் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொடுங்கையூர், ஆட்டோ ஓட்டுநர்): 2023 டிசம்பர் மழையில் கேபினெட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. காய வைத்து ஓட்டிவந்தோம். இப்போது பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அணைவதில்லை.

பதில்: இதைத் தொடர்ந்து ஓட்ட வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெள்ள நீர் விட்டுச்சென்ற சேறு மெல்ல மெல்ல அரித்திருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை வீட்டில் திறக்கவே கூடாது. ப்ளக்கை எடுத்த பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் அபாயகரமான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேள்வி (ராயபுரம், பெயர் எழுதவில்லை): கடைக்கு எடுத்துவருவதானால் எதையெல்லாம் கொண்டுவர வேண்டும்?

பதில்: மானிட்டர் வேண்டாம். கேபினெட்டோடு, வீட்டில் எப்போதும் செருகியே இருக்கும் யூ.எஸ்.பி. சாதனங்கள் அனைத்தையும், பிரின்டரின் கம்பி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். வீட்டில் அணையாத கணினி கடையில் ஒழுங்காக அணைந்து என்னை முட்டாளாக்குவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றை வீட்டிலேயே விட்டுவந்ததால்தான்.