மரபணுவை விடுங்கள், மாத்திரையைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 44. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பிசிஎல்-2 என்ற மரபணு குறைந்தால் எலும்புச் செல்கள் செத்துவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் ஆகுமா? அதற்கு டெஸ்ட் உண்டா? அந்த மரபணுவைத் தூண்டும் பவுடர் வாங்கலாமா? என் 13 வயது மகள் குள்ளமாக இருப்பதற்கும் இதுதான் காரணமா? முழங்காலில் சொடக்குச் சத்தம் வேறு. மூட்டுவலிக்கு ஒன்றரை வருடமாக மெடிக்கலில் தரும் செட் மாத்திரை போடுகிறேன். இரண்டு மாதமாக நடந்தால் தொடை இடுக்கில் வலிக்கிறது.

பதில்: கடைசி இரண்டு வரிகளை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள்.

பேப்பரில் மடித்துத் தரும் அந்த செட்டில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன். எலும்புச் செல்கள் சாகுமோ என்று மரபணுவைத் தேடுகிறீர்கள். அந்த வேலையைச் செய்யக்கூடிய மாத்திரையைக் காசு கொடுத்து விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! எலும்பைக் கட்டும் செல்களையும் எலும்புக்குள் உயிரோடிருக்கும் செல்களையும் பிரெட்னிசோலோன் சாகடிப்பதை 1998-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். எலும்பை அரிக்கும் செல்களுக்கோ அது ஆயுளை நீட்டிக் கொடுக்கிறது.

இதில் நான் பயப்படுவது தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்துக்காக. ஸ்டீராய்டால் அங்கே ரத்த ஓட்டமும் குறைந்து எலும்பு செத்துப்போகலாம். கால் ஊன்றும்போது தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட முடியாமை, போகப்போக படுத்தாலும் வலி: இப்படித்தான் அது வரும். முழங்கால் வலியே இடுப்பு மூட்டிலிருந்து வருவதும் உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். 'நார்மல்' என்ற ஒரு சொல்லோடு வீடு திரும்பாதீர்கள், இரண்டு இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். பந்து நொறுங்குவதற்கு முன் தெரிந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். நொறுங்கிய பிறகு பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவைதான்.

இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள், மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு. அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். ஒன்றரை வருட ஸ்டீராய்டில், உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பிசிஎல்-2 எல்லோரிடமும் இருக்கிறது. 1980-களில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் கண்டுபிடித்தார்கள். செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதைத் தடுப்பது அதன் வேலை. எலும்புக்காக அதைச் சோதிக்கும் டெஸ்ட் உங்களுக்குத் தேவையில்லை. பவுடர் சும்மா. நிஜமாகவே தூண்டினால்தான் எனக்குக் கவலை: எலும்பு கட்டும் செல்களில் அதை அளவுக்கு மீறி உருவாக வைத்த எலிகளில், எலும்புக்குள் இருக்கும் செல்கள் ஒன்றையொன்று தொடும் கைகளை இழந்து செத்தே போயின. சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கு நாங்கள் கொடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மருந்தின் வேலையே பிசிஎல்-2-ஐ அடக்குவதுதான்.

அம்மாவின் முறிவு உங்களுக்கும் ஒரு எச்சரிக்கைதான். ஸ்டீராய்டும் சேர்ந்ததால் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிடுங்கள். மகளின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் குறியுங்கள், கோடு நகரவே இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வலியில்லாத சொடக்கு ஒன்றுமே இல்லை.

ஸ்கேன் எடுக்கும்வரை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கம்பு ஊன்றி நடங்கள். அந்த மெடிக்கலில் போய் 'இது ஒத்துக்கலை, வேற செட் குடுங்க' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.