ஒரே மரபணுவில் எப்படிப் பல புரதங்கள்? கேள்வி பதில்

கேள்வி: மனிதனுக்கு ஏறக்குறைய 20,000 மரபணுக்கள்தானாம். புரத வகைகளோ அதைவிட எவ்வளவோ அதிகம். கணக்கு உதைக்கிறதே மேடம்?

பதில்: மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. அப்படியே புரதமாகிவிடுவதில்லை. இடையிடையே உள்ள, புரதத்துக்குக் குறிப்புத் தராத இன்ட்ரான் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சும் எக்ஸான் துண்டுகளை மட்டும் செல் ஒட்டுகிறது. இதுதான் ஸ்பிளைசிங். எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது செல்லுக்குச் செல் மாறும். பழ ஈயின் டிஸ்கேம் மரபணுவில் நான்கு இடங்களில் முறையே 12, 48, 33, 2 எக்ஸான்கள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுதான் தேறும். பெருக்கிப் பாருங்கள், 38,016 வடிவங்கள்!

கேள்வி: வெட்டி ஒட்டுவது சரி. ஆர்.என்.ஏ.வின் எழுத்தையே செல் மாற்றுமாமே, உண்மையா அக்கா?

பதில்: உண்மைதான் தம்பி. நம் குடலிலேயே நடக்கிறது. கொழுப்பைச் சுமக்கும் அபோ-பி புரதத்துக்கு மரபணு ஒன்றுதான். கல்லீரலில் அது 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட முழு நீளப் புரதமாகிறது. சிறுகுடலில் ஒரு நொதி அந்த ஆர்.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஒரே ஒரு 'சி' எழுத்தைத் தேடிப் பிடித்து 'யு' ஆக்குகிறது. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறித்த மூன்றெழுத்துச் சொல்லான சி.ஏ.ஏ. இப்போது யு.ஏ.ஏ.; அதாவது 'நிறுத்து'. புரதம் 2,152-லேயே நின்றுவிடும். பாதி நீளம்தான் என்றாலும் இது குறைப் புரதம் இல்லை. சாப்பாட்டுக் கொழுப்பைக் குடலிலிருந்து ஏற்றிச் செல்ல இதுவே போதும். பதினாலாயிரத்துச் சொச்சம் எழுத்துகளில் சரியாக அந்த ஒன்று! எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: அப்படியென்றால் டி.என்.ஏ.வும் மாறுமா? பிள்ளைகளுக்கும் போகுமா?

பதில்: மாறாது, போகாது. திருத்தம் ஆர்.என்.ஏ. நகலில் மட்டும்தான், அந்த நகலும் கொஞ்ச காலத்தில் சிதைந்துவிடும்.

கேள்வி: மருத்துவத்தில் இதனால் பயன் உண்டா?

பதில்: நிறைய. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோயில் எஸ்.எம்.என்.1 மரபணு பழுதாகிவிடும். இரட்டைப் பிள்ளை போல எஸ்.எம்.என்.2 இருந்தும், ஒரு எழுத்து வேறுபாட்டால் அதன் ஆர்.என்.ஏ.வில் ஏழாவது எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென் என்ற ஊசிமருந்து அந்த ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, எக்ஸானை விடாமல் சேர்க்க வைக்கிறது. இந்நோயின் கடுமையான வகையில் குழந்தைகள் தாமாக உட்கார்ந்ததே கிடையாது. மருந்து பெற்றவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள்.